வெள்ளி விளக்கை விளக்குதல்: ஒரு விளக்கம்

தமிழில் விளக்கு என்பது பெயர்ச்சொல், அது எரியும். விளக்கு என்பதே வினைச்சொல்லும் ஆகும். அப்போது அது தேய்க்கும். பல்லை விளக்குகிறோம், பாத்திரத்தை விளக்குகிறோம். பாடம் மண்டையில் ஏறாத பிள்ளைக்கு வாத்தியார் செய்வதும் விளக்குவதுதான். ஆகவே, வெள்ளிக் குத்துவிளக்கைப் பல் விளக்கும் பொடியால் எப்படி விளக்குவது என்று விளக்கும் தகுதி உலகத்தில் இந்த ஒரு மொழிக்கே உண்டு என்ற துணிபோடு இவ்வாய்வு தொடங்குகிறது.

அடுத்தது வெள்ளி. 'வெள்' என்ற வேரில் பிறந்த சொல். வெண்மை, வெள்ளை, வெளுப்பு எல்லாம் உடன்பிறந்தவை. விடிகாலை வானத்தில் இருப்பதும் வெள்ளி, வாரத்தில் வியாழனுக்கு அடுத்து வருவதும் வெள்ளி, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கடைக்காரரிடம் எண்ணிக் கொடுப்பதும் வெள்ளி. எங்கே போனாலும் வெளுப்பு அதைவிட்டுப் போகாது. எனவே 'கறுத்த வெள்ளி' என்பது இலக்கண வழு. அந்த வழு எங்கள் வீட்டில் பீரோவின் கீழ்த்தட்டில், ஒரு மஞ்சப்பைக்குள், முடிச்சுப் போட்டு வைக்கப்பட்டிருந்தது.

இங்கே ஒரு கிளை ஆய்வு. இரும்புக்குத் துரு உண்டு. செம்புக்குக் களிம்பு உண்டு. வெள்ளியின் மேல் படியும் கறுப்புக்கு மட்டும் இப்படி நாவில் நிற்கும் தனிச்சொல் ஒன்று வீட்டுப் பேச்சில் இல்லை. 'கறுத்துப்போச்சு', 'மங்கிப்போச்சு' என்று வினையாலேயே சமாளிக்கிறோம். உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்கு உவமை தேடிய சைவ சித்தாந்திகள்கூடச் செம்பின் களிம்பைத்தான் எடுத்தார்கள், வெள்ளியின் கறுப்பை எடுக்கவில்லை. அவர்கள் வீட்டில் வெள்ளி இருந்திருக்காது என்று சிலர் சொல்லக்கூடும். இருந்தது, ஆனால் அதை விளக்கும் வேலை வீட்டில் வேறு ஆளிடம் இருந்தது என்பதே நம் துணிபு.

ஆய்வுக்களம்

களம், சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் இரண்டாம் மாடியில் உள்ள எங்கள் வீடு. காலம், மகளின் வளைகாப்புக்கு முந்தைய ஒன்பது நாள். ஆய்வாளர், வேலையிலிருந்து ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆனவர். நிதியுதவி எதுவும் கிடைக்கவில்லை. நெறியாளர் மட்டும் கிடைத்தார். "சும்மாதானே உட்காந்திருக்கீங்க, இதையெல்லாம் கொஞ்சம் பளிச்சுனு ஆக்கி வைங்க" என்று மஞ்சப்பையைக் கூடத்தில் கவிழ்த்துவிட்டு நெறியாளர் அடுக்களைக்குள் போய்விட்டார். திருமணமாகி முப்பத்தோரு வருஷமாக எனக்கு அவர்தான் நெறியாளர்.

கவிழ்த்ததில் விழுந்தவை: குத்துவிளக்கு ஒரு ஜோடி, சந்தனக் கிண்ணம், மயில் கொண்டை வைத்த குங்குமச்சிமிழ், கிலுகிலுப்பை, பாலாடை, ஒரு டம்ளர், ஒற்றைக் கொலுசு, அப்புறம் பன்னீர்ச்செம்பு. பன்னீர்ச்செம்பு முழுக்க வெள்ளி, பெயரில்தான் செம்பு. அதன் இணையான செம்பு எதுவும் வீட்டில் இல்லை என்பதால் இந்தப் பெயர்க் குழப்பத்தை மேலே ஆராயவில்லை.

எல்லாம் ஒரே மாதிரி கறுத்திருக்கவில்லை. சிமிழின் வயிற்றில் வெளிறிய பொன் மஞ்சள். கிண்ணத்தின் விளிம்பில் செம்பழுப்பு. பாலாடையின் மூக்கில் அசல் மயில்கழுத்து நீலம். குத்துவிளக்கின் அடித்தட்டு மட்டும் முழுக் கறுப்பு. நெறியாளர் எட்டிப் பார்த்து, "அட, இது நல்லா இருக்கே, பட்டுப்புடவைக் கலர்" என்றார். அது ஒரே படலந்தான். மெல்லியதாக இருக்கும்போது மஞ்சள், கொஞ்சம் தடித்தால் பழுப்பு, இன்னும் தடித்தால் நீலம், அதற்கும் மேலே போனால் கறுப்பு. மழை நாளில் ரோட்டுத் தண்ணீரில் மிதக்கும் டீசல், வானவில் காட்டுகிறதே, அதே சங்கதி: படலத்தின் மேற்புறத்திலிருந்து திரும்பும் ஒளியும் அடிப்புறத்திலிருந்து திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. எந்த நிறம் தப்புகிறது என்பது தடிமனைப் பொறுத்தது. எத்தனை விசேஷத்துக்கு எடுக்காமல் விட்டோம் என்பதை நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கறுப்பின் இயல்பு

இத்துறையின் முன்னோடி என் மாமியார். அவருடைய கொள்கை உடம்புச் சூட்டுக் கொள்கை எனப்படும். "பொண்ணுக்கு உடம்பு சூடு, மாப்பிள்ளை. அதான் கொலுசு போட்ட ரெண்டே மாசத்துல கறுத்துப்போச்சு. எண்ணெய் தேச்சுக் குளிக்கச் சொல்லுங்க." கொலுசு கறுப்பதற்கு வியர்வையும் அதில் உள்ள உப்பும் கந்தகமும் துணைபோகின்றன என்பதால் இக்கொள்கையை முற்றாகத் தள்ள முடியாது. ஆனால் பீரோவில் இருக்கும் குத்துவிளக்குக்கும் எண்ணெய்க் குளியல் தேவையா என்று கேட்டபோது முன்னோடி ஆய்வாளர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

உண்மையான எதிராளி கந்தகம். காற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு மிகமிகச் சிறிதளவு இருந்தாலே போதும்; ஈரமும் சேர்ந்துகொண்டால் வெள்ளியின் மேற்பரப்பு வெள்ளி சல்ஃபைடு ஆகிவிடும். இரும்பைப்போல ஆக்சிஜனுக்கும் ஈரத்துக்கும் மசிந்து வெள்ளி துருப்பிடிப்பதில்லை. பாத்திரமாகவும் நகையாகவும் வரும் 92.5 சதவீத வெள்ளியில் மிச்சம் ஏழரைப் பங்கு பெரும்பாலும் செம்பு. அந்த ஏழரையும் தன் பங்குக்குக் கறுப்பைக் கூட்டும். ஏழரை என்றால் சும்மா இருக்குமா?

கந்தகம் எங்கிருந்து வருகிறது? நம் அடுக்களை ஒரு கந்தகச் சுரங்கம். வெங்காயம், பூண்டு, முட்டைக்கோஸ், கடுகு என எல்லாவற்றிலும் உண்டு. எங்கள் வீட்டில் அமாவாசையன்று வெங்காயம் பூண்டு சேர்ப்பதில்லை. அந்த ஒரு நாளாவது வெள்ளிக்கு விடுமுறை என்று எண்ணியிருந்தேன். ரசத்தில் பெருங்காயம் விழுந்ததும் எண்ணம் கலைந்தது. பெருங்காயத்தின் மணமே கந்தகச் சேர்மங்களால் வருவது. எவ்வளவு ஆசாரமான வீடாக இருந்தாலும் பெருங்காய டப்பா இருக்கிற வரைக்கும் வெள்ளிக்குத் தப்பில்லை. இது போதாதென்று முட்டை, கம்பளி, ரப்பர் பேண்ட். கொலுசு ஜோடி பிரியக்கூடாதென்று ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவைக்கும் வழக்கம் பரவலாக உண்டு. ரப்பரைக் கெட்டிப்படுத்தச் சேர்ப்பதே கந்தகந்தான். அவிழ்த்துப் பார்த்தால் ரப்பர் பேண்ட் இருந்த இடத்தில் அளவெடுத்தாற்போல் ஒரு கறுப்புக் கோடு.

பட்டாசையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எண்ணியிருந்தேன். ஆனால் கந்தகம் எரிந்தால் கந்தக டை ஆக்சைடாகிறது. வெள்ளியைக் கறுக்கவைப்பதில் முதல் கை ஹைட்ரஜன் சல்ஃபைடுக்குத்தான். சிவகாசிக்கு விடுதலை.

இங்கே எனக்கு ஒரு பெரிய கருதுகோள் உதித்தது. எங்கள் வீட்டுச் சன்னலிலிருந்து கூவம் தெரியும். சன்னலைச் சாத்தினால் மூக்குக்குத் தெரியும். அந்த வாடையில் முக்கியப் பங்கு இதே ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு. கும்பகோணத்தில் இருக்கும் என் அத்தை வீட்டு வெள்ளி கறுப்பதில்லை என்பது குடும்பத்தில் எல்லாரும் அறிந்தது. எங்கள் வீட்டில் கறுக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் கூவம். இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பழியை ஒரு நதியின் மேல் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்ளலாம். ஆய்வு இத்தோடு முடிந்திருக்கவேண்டியது. முடியாமல் போனதன் காரணம் உழவன் எக்ஸ்பிரஸில் வந்திறங்கியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சேதாரம்

வெள்ளி சல்ஃபைடில் வெள்ளி அணு இரண்டுக்குக் கந்தக அணு ஒன்று. வெள்ளி அணு கனமானது. எடைபோட்டுப் பார்த்தால் அந்தக் கறுப்பில் நூற்றுக்கு 87 பங்கு வெள்ளி, 13 பங்குதான் கந்தகம்.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். தேய்த்த துணியைத் தூக்கிக் காட்டி "பாத்தியா, எவ்வளவு அழுக்கு!" என்று பெருமைப்படுகிறோமே, அந்த அழுக்கில் பெரும்பகுதி நாம் ரொக்கம் கொடுத்து வாங்கியது. கிலோ ஒரு லட்ச ரூபாயைத் தாண்டிப் போய்விட்ட சரக்கு. ஒரு தடவைக்குப் போவது கண்ணில் படாத அளவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாட்டி தேய்த்து, அம்மா தேய்த்து, நெறியாளர் தேய்த்து, பொங்கல், ஆடிவெள்ளி, நவராத்திரி, கார்த்திகை என்று வருஷத்துக்கு நான்கு கூட்டிக்கொண்டால் மூன்று தலைமுறைக்கு என்ன ஆகும்? சிமிழின் மேலிருக்கும் மயிலுக்கு இப்போது கண் இல்லை. அலகும் பாதிதான். இன்னும் இரண்டு தலைமுறை போனால் அது கோழி.

நகைக்கடையில் சேதாரத்தில் அரை சதவீதம் கூட்டிச் சொன்னால் கடையையே இரண்டாக்குபவர் எங்கள் நெறியாளர். அப்படிப்பட்டவர் வீட்டில் தன் கையாலேயே சேதாரம் போட்டுப் பழந்துணியோடு குப்பைக்கு அனுப்புகிறார் என்பதைப் பணிவோடு எடுத்துரைத்தேன். "அப்ப கறுப்பாவே இருக்கட்டுங்கிறீங்களா? சம்பந்தி வீட்டுக்காரங்க வராங்க" என்றார். வினாவில் இரண்டாம் பகுதிக்கு வேதியியலில் விடை இல்லை.

பள்ளிகள்

வெள்ளி விளக்குவோர் பல பள்ளிகளாகப் பிரிந்து கிடக்கிறார்கள். ஒரு பள்ளியார் இன்னொரு பள்ளியார் வீட்டு விளக்கைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். 'தான்' என்பதில் இருக்கிறது சமயப்போர்.

மூத்தது திருநீற்றுப் பள்ளி. உலர்ந்த திருநீற்றைத் தொட்டு, பல தடவை துவைத்து மெத்தென்று ஆன வேட்டித் துணியால் சுழற்றாமல் நீளவாக்கில் தேய்ப்பது இதன் முறை. சாணச் சாம்பல் மென்மையானதுதான். ஆனால் மாடு தின்ற வைக்கோலில் உள்ள சிலிக்காவும் மண்துகளும் அதில் வரும். மோஸ் என்ற ஜெர்மானியர் 1812இல் வகுத்த கடினத்தன்மை அளவில் வெள்ளிக்கு இரண்டரையிலிருந்து மூன்று. மணலான குவார்ட்ஸுக்கு ஏழு. மூன்றின் மேல் ஏழு நடந்தால் கோடு விழாமல் என்ன செய்யும்? சித்த மருத்துவர்கள் சூரணத்தைத் துணியில் சலிப்பதை வஸ்திரகாயம் என்பார்கள். திருநீற்றையும் வஸ்திரகாயம் செய்துகொண்டால் இந்தக் குறை போகும். இன்னொரு குறை போகாது. தேய்த்து முடித்த கறுப்புத் திருநீற்றைக் காலில் மிதிபடும் இடத்தில் கொட்டக்கூடாது, சாக்கடையில் கரைக்கக்கூடாது. மாமியார் அதைக் காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்து, "மரத்தடியில போட்டுட்டு வாங்க" என்பார். இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி, மிதிபடாத மரத்தடி ஒன்றைச் சிந்தாதிரிப்பேட்டையில் தேடிப் பாருங்கள், தெரியும்.

அடுத்தது பற்பொடிப் பள்ளி. நெறியாளர் இதைச் சேர்ந்தவர். வெள்ளைப் பற்பொடியின் சாரம் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணப் பொடி. மோஸ் அளவில் மூன்று. வெள்ளிக்குச் சமமான எதிராளி. மல்லுக்கு மல் நடக்கும், ஆளைக் கொல்லாது. சில துளி தண்ணீர் விட்டுக் குழைத்து, விரலால் தடவி, அரை நிமிஷம் தேய்த்தால் துணி கறுக்கும், விளக்கு வெளுக்கும். சித்திர வேலைப்பாட்டுக்குள் புகுந்துகொண்ட பொடி மட்டும் வெளியே வராது. கழுவித் துடைத்து வைத்த பின் மயிலின் தோகையிடையே விபூதி பூசினாற்போல் எட்டிப் பார்க்கும். அதற்குக் குழந்தைகளின் பழைய பல்துலக்கும் பிரஷ்தான் கதி. பேஸ்ட் போடுகிறவர்களும் இப்பள்ளியின் கிளையினரே. ஆனால் பேஸ்ட்டுகளில் பலவற்றில் சிலிக்கா சேர்ந்திருக்கிறது. பல்லின் எனாமல் மோஸ் அளவில் ஐந்து, அதனால் தாங்கும். வெள்ளிக்கு அந்தத் தெம்பு கிடையாது. இப்போது கரி கலந்த கறுப்பு பேஸ்ட் வந்திருக்கிறது. மகளுடைய குளியலறையிலிருந்து அதை எடுத்து ஒரு முனையில் சோதித்தேன். எது பேஸ்ட், எது கறுப்பு, எது என் விரல் என்று தெரியாத நிலையில் சோதனை கைவிடப்பட்டது.

பூந்திக்கொட்டைப் பள்ளியாரிடம் எனக்கு மரியாதை உண்டு. கொட்டையை நீக்கி, தோலை ராத்திரி ஊறவைத்து, நுரை பொங்கப் பிசைந்து அந்தத் தண்ணீரில் கொலுசை அலசுவார்கள். நகைப் பட்டறைக்காரர்களும் செய்கிற முறைதான். எண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள், சந்தனம், காலடி அழுக்கு எல்லாம் போகும். ஒரு கீறல் விழாது. கறுப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். சோப்புக்கு எண்ணெய்தான் மசியும், சல்ஃபைடு மசியாது.

புளிப் பள்ளி வேறு சமயம். பித்தளைக்கும் செம்புக்கும் அது கண்கண்ட மருந்து; புளியில் உள்ள அமிலம் செம்பின் ஆக்சைடைக் கரைத்துவிடும். வெள்ளி சல்ஃபைடோ கரைய மறுக்கும் உப்புகளின் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது. வீட்டு வேலைக்கு வரும் அம்மா புளியும் கல்லுப்பும் கலந்து ஒரு விளக்கை அரைமணி தேய்த்துவிட்டு, "இது வெள்ளியே இல்லீங்க சார், ஏமாத்திட்டாங்க" என்று தீர்ப்புச் சொன்னார்.

இந்த இரண்டு சமயங்களும் ஒரே தட்டில் மோதும் இடம் தஞ்சாவூர் கலைத்தட்டு. பித்தளைத் தட்டின் மேல் வெள்ளியிலும் செம்பிலும் உருவம் எழுப்பிப் பதித்திருப்பார்கள். பித்தளைக்குப் புளி போட்டால் வெள்ளிக்கு ஆகாது, வெள்ளிக்குப் பொடி போட்டால் செம்பின் ஓரத்தில் அடையும். எங்கள் வீட்டுத் தட்டில் நடராஜர் வெள்ளி, சுற்றி ஓடும் கொடி செம்பு. காதில் அழுக்கெடுக்கும் பஞ்சுக்குச்சியை நனைத்துக் கொடியை ஓரமாகத் தேய்த்துக்கொண்டே போனேன். நான்கு மணிநேரத்தில் தூக்கிய திருவடிக்கு வந்துசேர்ந்தேன். அப்படியே நிறுத்திச் சுவரில் மாட்டிவிட்டோம். இந்தத் தட்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கும் வழக்கத்தைக் கண்டுபிடித்தவர் தத்துவ ஞானி.

நவீனப் பள்ளி அலுமினியத் தாள் பள்ளி. சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைப் பாத்திரத்தின் அடியில் பரப்பி, அதன் மேல் வெள்ளி படும்படி வைத்து, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, லிட்டருக்கு ஒரு பெரிய கரண்டி ஆப்பச் சோடாவும் அதே அளவு உப்பும் போடவேண்டும். தாளும் வெள்ளியும் தொட்டுக்கொண்டிருப்பது கட்டாயம். இல்லாவிட்டால் மின்னோட்டம் நடக்காது. நடந்தால் என்ன ஆகிறது என்றால், வெள்ளியைவிட அலுமினியத்துக்குக் கந்தகத்தின் மேல் ஆசை அதிகம். கந்தகம் வெள்ளியைக் கைவிட்டு அலுமினியத்திடம் போய்விடுகிறது. வெள்ளி அணு இருந்த இடத்திலேயே வெள்ளியாகத் திரும்பிவிடுகிறது. தேய்ப்பு இல்லை, சேதாரம் இல்லை. சொல்லும்போதே மெய்சிலிர்க்கிறது. பாலாடையைப் போட்டுப் பார்த்தேன். மயில்கழுத்து நீலம் கண்ணெதிரே பழுப்பாகி, மஞ்சளாகி, வெளுத்தது. பதினைந்து வருஷத்தை இரண்டு நிமிஷத்தில் பின்னோக்கி ஓட்டிய மாதிரி.

ஆனால் விடுதலையான கந்தகம் சும்மா போகவில்லை. தண்ணீரோடு சேர்ந்து மறுபடி ஹைட்ரஜன் சல்ஃபைடாகி அடுக்களை, கூடம், பூஜையறை என்று பரவியது. மூன்று தலைமுறையாக முட்டை நுழையாத வீடு எங்களுடையது. மாமியார் உள்ளேயிருந்து மெதுவாக வெளியே வந்து, மகளின் முகத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்து, "யாரு, முட்டை வேகவச்சது?" என்றார். மாசமாக இருக்கும் பெண்ணுக்கு டாக்டர் சொல்லியிருப்பார், அதை அப்பன் ஒளித்துச் செய்கிறான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நான் சமன்பாட்டை எழுதிக் காட்டினேன். "இருக்கட்டும் மாப்பிள்ளை, புள்ளைத்தாச்சிக்குத்தானே. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றார்.

இம்முறைக்கு வேறு குறைகளும் உண்டு. உள்ளே அரக்கு நிரப்பிய உருப்படியையும் கல் பதித்ததையும் கொதிநீரில் போடக்கூடாது. சித்திரம் எடுப்பாகத் தெரியவேண்டுமென்று ஆசாரியே பள்ளங்களில் விட்டுவைத்த கறுப்பையும் இது வாரிக்கொண்டு போய்விடும். மயில் வெள்ளையடித்த சுவர் மாதிரி நிற்கும். அதோடு, விளக்கு மூழ்கும் அளவுக்குப் பாத்திரம் வேண்டும். ஜெய்ப்பூர் அரண்மனையில் இரண்டு வெள்ளிக் குடங்கள் இருக்கின்றன. மகாராஜா இரண்டாம் மாதோ சிங் 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு லண்டன் போனபோது, அந்நிய ஊர்த் தண்ணீரைத் தொடாமல் இருக்கக் கங்கைநீர் நிரப்பிக் கொண்டுபோனவை. வெள்ளிக் காசுகளை உருக்கிச் செய்தவை. ஒவ்வொன்றும் 345 கிலோ, ஆளுயரம். அதைப் போட்டு வேகவைக்க என்ன பாத்திரம், எவ்வளவு ஆப்பச் சோடா என்று ஒரு மாலை முழுக்கக் கணக்குப் போட்டேன். நெறியாளர் வந்து, "ரெண்டாவது விளக்கு இன்னும் கறுப்பாத்தான் இருக்கு" என்று நினைவூட்டினார்.

கடைசியாக, நடமாடும் பள்ளி ஒன்று உண்டு. இதன் ஆய்வாளர்கள் இருவராக மோட்டார் சைக்கிளில், ஆண்கள் வேலைக்குப் போன பதினொரு மணி வாக்கில் வருவார்கள். "நகைக்கு, வெள்ளிக்குப் பாலிஷ் போட்டுத் தரோம்மா, இலவசம்" என்பார்கள். ஒரு குத்துவிளக்கைப் பளிச்சென்று ஆக்கிக் காட்டிவிட்டுக் கழுத்துச் சங்கிலியைக் கேட்பார்கள். அமிலத்தில் முக்கிய சங்கிலி திரும்பி வரும்போது பளபளப்பாகவும், சில கிராம் இளைத்தும் இருக்கும். சேதாரக் கோட்பாட்டை இவர்களைப்போலத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் இத்துறையில் இல்லை.

வாய்மொழித் தேர்வு

ஒன்பதாம் நாள் எல்லாம் வெளுத்திருந்தது. இனி கறுக்காமல் வைக்கும் ஏற்பாட்டையும் முடித்திருந்தேன். ஈரம் சுத்தமாகப் போக வெயிலில் உலர்த்தி, கஞ்சி போடாத பருத்தித் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி, காற்றுப் புகாத பையில் போட்டு, ஈரம் இழுக்க இரண்டு சாக்பீஸும் செருப்புப் பெட்டியில் வந்த சிலிக்கா பொட்டலமும் வைத்தாயிற்று. செய்தித்தாள் கூடாது, கம்பளி கூடாது, ரப்பர் பேண்ட் பக்கத்திலேயே வரக்கூடாது. மாமியார் ஒரு கற்பூரக் கட்டியும் போட்டார். அது ஆவியாகிப் போய்விடும் என்றேன், "போகட்டும், வாசனையா இருக்கும்" என்றார்.

அன்று விடிகாலை புறத்தேர்வாளர் எழும்பூரில் இறங்கினார். கும்பகோணத்து அத்தை. என் அப்பாவின் தங்கை, வயது எண்பத்திரண்டு. வந்ததும் கைகால் கழுவிவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு வெள்ளி டம்ளரை எடுத்து நெறியாளரிடம் நீட்டினார். அதில்தான் காப்பி குடிப்பார்; எந்த ஊருக்குப் போனாலும் டம்ளர் கூட வரும். எங்கள் வீட்டு டம்ளருக்கு அது ஜோடி. 1961இல் பாட்டி இரண்டு டம்ளர் செய்து பேர் வெட்டி, ஒன்றை மகளுக்கும் ஒன்றை மகனுக்கும் கொடுத்தது.

நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கல்வெட்டாய்வு தெரிந்தவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவேண்டும். எங்களுடையது நிலாப்போல் இருந்தது. அத்தையுடையதில் நெளிசல், விளிம்பில் ஒரு சொட்டை, உடம்பு முழுக்க முடியிழைபோலக் கீறல். பளபளப்பு என்று சொல்ல முடியாது, சாந்தமான வெள்ளை. ஆனால் புள்ளிபுள்ளியாக வெட்டிய பாட்டியின் இரண்டு எழுத்தும் '1961'உம் நேற்று வெட்டியதுபோல் இருந்தன. எங்கள் டம்ளரில் அந்த இடத்தில் விரலை வைத்தால் வழுக்கியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒன்பதின் சுழி மாதிரி ஏதோ ஒன்று நிழலாடியது.

அத்தை அதைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"என்னடா இது, பேரையே காணோம்?"

"தேஞ்சுபோச்சு அத்தை."

"நீங்க இதுலயா காப்பி குடிக்கிறீங்க?"

"இல்ல அத்தை, நாங்க எவர்சில்வர்ல. இது பீரோல இருக்கும். விசேஷத்துக்குத் தேய்ச்சு எடுப்போம்."

"குடிக்காமலேயா தேஞ்சுது?"

அவர் டம்ளரை எதனால் தேய்க்கிறார் என்று கேட்டேன். "எதுக்குத் தேய்க்கணும்? குடிச்சா கழுவணும். அவ்வளவுதான்." விரலால் ஒரு சுழற்று, தண்ணீர், துண்டில் துடைத்துக் கவிழ்ப்பது. தினமும் இரண்டு வேளை கை படுவதால் சல்ஃபைடு படலம் மஞ்சள் தட்டும் அளவுக்குக்கூட வளர்வதில்லை. வளராததால் பொடி வேண்டியதில்லை. பொடி படாததால் எழுத்து போகவில்லை. விசேஷத்துக்கென்று பத்திரப்படுத்தியது கறுத்து, கறுத்ததால் தேய்ந்து, தேய்ந்ததால் யாருடையது என்றே தெரியாமல் போயிருக்கிறது.

என் கூவக் கருதுகோளுக்கு ஒரு கடைசி வாய்ப்பு கொடுத்தேன். வளைகாப்பு முடிந்து அத்தை மூன்று வாரம் எங்களோடு இருந்தார். கூவம் அதே கூவம், சன்னல் அதே சன்னல். அவருடைய டம்ளர் வந்தபடியே இருந்தது. பூஜை அலமாரியில் எடுத்துவைத்திருந்த குங்குமச்சிமிழின் விளிம்பில் லேசாகப் பொன் மஞ்சள் தட்டியிருந்தது. நதியிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், பாதி மன்னிப்பு.

பாலாடை பற்றி மகளுக்குக் கவலை இல்லை. பிள்ளை பிறந்ததும் மருந்துக்கும் பாலுக்கும் அது தினமும் வெளியே இருக்கும். டம்ளரைத்தான் என்ன செய்வது என்று நெறியாளர் யோசித்திருக்கிறார். ஒரு நாள் காலை என் எவர்சில்வர் டம்ளரைக் காணோம். பெயரழிந்த வெள்ளி டம்ளர் டபராவில் ஆவி பறக்க வந்தது.

உலோகங்களில் வெப்பத்தைக் கடத்துவதில் வெள்ளிக்கு மிஞ்சியது இல்லை. எவர்சில்வரைப்போல் இருபது மடங்குக்கும் மேல். காப்பியின் சூடு முழுக்க டம்ளரின் சுவரில் இருந்தது. எதிரே அத்தை விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, அண்ணாந்து, நான்கே மடக்கில் குடித்து முடித்துக் கீழே வைத்தார். நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து டம்ளரைச் சுற்றிப் பிடித்தேன்.

"துணியைப் போட்டுத் தேய்க்காதடா" என்றார் அத்தை.